பேரிக்காயின் உள்ளே படரும் பழுப்பு: புரதங்களை எப்போது, எங்கே பார்க்க வேண்டும்?

உயிர்வேதியியல் முதுகலை படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் வைத்த ஆப்பிளும் பேரிக்காயும் வெளியே நன்றாக இருந்தும் உள்ளே பழுப்பாகிவிடுகின்றன. பூஞ்சையோ பாக்டீரியாவோ காரணமில்லை, சேமிப்புக் கோளாறு என்கிறார்கள். இதற்குப் பின்னால் இருக்கும் புரத மாற்றங்களை என் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள நினைக்கிறேன். பழுப்பான பழத்திலிருந்து கொஞ்சம் சதை, நல்ல பழத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து இரண்டின் புரதங்களையும் ஒப்பிட்டால் காரணம் தெரிந்துவிடும் அல்லவா?"

தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் துறைக்கு வரும் பெரும்பாலானவர்கள் இங்கேதான் தொடங்குகிறார்கள். நானும் இங்கேதான் தொடங்கினேன். பழுப்பான சதையில் செல்கள் செத்துவிட்டன. செத்த திசுவுக்கும் உயிருள்ள திசுவுக்கும் நூற்றுக்கணக்கான புரதங்களில் வித்தியாசம் இருக்கும். அந்தப் பட்டியல் நீளமாக இருக்கும், பார்க்க நிறைவாகவும் இருக்கும். ஆனால் எது செல்லைக் கொன்றது, எது செல் செத்த பிறகு நடந்தது என்பதை அது சொல்லாது. வீடு எரிந்து முடிந்த பிறகு சாம்பலை அளப்பதைப் போன்றது அது. தீ எங்கே பிடித்தது என்று தெரிய வேண்டுமானால், புகை கிளம்புவதற்கு முன்பே அந்த வீட்டுக்குள் இருந்திருக்க வேண்டும்.

எப்படி உள்ளே இருப்பது என்பதுதான் உங்கள் ஆய்வின் உண்மையான கேள்வி. அதற்குப் போவதற்கு முன், பழுப்பு எப்படி வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

வாழைப்பூ ஆய்பவர்களுக்கு இது தெரியும். நறுக்க நறுக்க மோர் கலந்த தண்ணீரில் போடுவார்கள், இல்லையென்றால் பத்து நிமிடத்தில் கறுத்துவிடும். பூவின் செல்லுக்குள் ஃபீனால் சேர்மங்கள் வாக்குவோலில், அதாவது செல்லின் நீர்ப்பையில், இருக்கின்றன. அவற்றை ஆக்சிஜனோடு சேர்த்துப் பழுப்பாக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி பிளாஸ்டிடுக்குள், அதாவது செல்லின் இன்னொரு சிறு அறைக்குள், இருக்கிறது. முழுப் பூவில் இரண்டும் தனித்தனி அறையில் இருப்பதால் ஒன்றும் நடப்பதில்லை. கத்தி பட்டதும் சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன, காற்றும் சேர்கிறது. மோரின் புளிப்பு அந்த நொதியை முடக்குகிறது, தண்ணீர் காற்றை விலக்குகிறது. கத்தரிக்காயும் வாழைக்காயும் இதே கதைதான்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நறுக்குவதற்கு முன்பும் பின்பும் அந்த நொதியின் அளவு மாறவில்லை. மாறியது அது இருந்த இடத்தின் சுவர். சேமித்த பேரிக்காயின் நடுவிலும் இதுதான் நடக்கிறது, கத்தி மட்டும் இல்லை. செல்லின் சவ்வுகள் தாமாகவே உடைகின்றன. ஆகவே புரதங்களின் அளவை மட்டும் ஒப்பிடுபவருக்குப் பழுப்பை உண்டாக்கும் நொதியே கண்ணில் படாமல் போகலாம். சவ்வு ஏன் உடைந்தது என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

இனி ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு பேசுவோம். எனக்கு நன்றாகத் தெரிந்தது கான்ஃபரன்ஸ் என்ற பேரிக்காய் வகை. இங்கிலாந்தின் சாபிரிட்ஜ்வொர்த் ஊரில் ரிவர்ஸ் குடும்பத்து நாற்றுப்பண்ணையில் உருவான வகை இது. 1885-இல் நடந்த தேசியப் பேரிக்காய் மாநாட்டில் பாராட்டு வாங்கியதால் 'மாநாடு' என்பதே பெயராகிவிட்டது. இன்று பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அதிகம் விளையும் பேரிக்காய் இதுதான். கழுத்து நீண்டு, தோல் கொஞ்சம் துருப்பிடித்ததுபோல இருக்கும். செப்டம்பர் வாக்கில் பறிப்பார்கள். அடுத்த கோடை வரை விற்க வேண்டும் என்பதால் −1 டிகிரி செல்சியஸில், ஆக்சிஜனை ஏறத்தாழ 3 சதவீதத்துக்குக் குறைத்து, கரியமில வாயுவை 0.7 சதவீதத்துக்குக் கீழே வைத்துச் சேமிக்கிறார்கள். இப்படி வாயுவைக் கட்டுப்படுத்தினால் பழத்தின் சுவாசம் மந்தமாகும், அது கனிவதும் தள்ளிப்போகும்.

இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகினால், அதாவது ஆக்சிஜன் மிகவும் இறங்கினாலோ கரியமில வாயு ஏறினாலோ, விதைப்பகுதியைச் சுற்றிச் சதை பழுப்பாகி, பிறகு அங்கே ஓட்டைகள் விழுகின்றன. தோலுக்கு அடியில் ஒரு பட்டை அளவுக்குச் சதை நன்றாகவே இருக்கும். அதனால் வெட்டிப் பார்க்கும் வரை வெளியே தெரியாது. வாங்கிப் போனவர் வீட்டுச் சமையலறையில்தான் அது தெரியவரும்.

இந்தக் கோளாறின் கதை பழையது. 1920-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் இங்கிலாந்துக்கு வந்த ஆப்பிள்கள் உள்ளே பழுப்பாகி வந்து சேர்ந்தன. கேம்பிரிட்ஜில் பணிபுரிந்த பிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் இருவரும் அதை ஆராய்ந்து 1923-இல் அறிக்கை வெளியிட்டார்கள். கப்பலின் அடித்தளத்தில் காற்றோட்டம் இல்லாமல், பழங்கள் தாமே வெளிவிட்ட கரியமில வாயு தேங்கியதுதான் காரணம் என்று காட்டினார்கள். 'பழுப்பு இதயம்' என்று அதற்குப் பெயர். எனக்கு இந்த அறிக்கை மீது தனி மதிப்பு உண்டு. புரதம் பிரிக்கும் கருவி எதுவும் இல்லாத காலத்தில், வாயுவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தே காரணத்தைப் பிடித்தார்கள். நீங்கள் எந்த நவீனக் கருவியைக் கையில் எடுத்தாலும் சோதனையின் எலும்புக்கூடு அவர்கள் போட்டதாகத்தான் இருக்கும்: சூழலை நீங்கள் மாற்ற வேண்டும், பழம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, ஆப்பிளைவிடப் பேரிக்காய் ஏன் இவ்வளவு எளிதில் மாட்டிக்கொள்கிறது? பதில் பாதி இயற்பியல். பழச் சதையில் செல்களுக்கு நடுவே காற்று இடைவெளிகள் இருக்கின்றன, ஆக்சிஜன் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு பிரான்ஸின் கிரெனோபிளில் உள்ள சிங்க்ரோட்ரான் என்ற பெரிய கருவி தரும் மிகச் செறிவான எக்ஸ்ரே கொண்டு இதைப் படமெடுத்து 2008-இல் வெளியிட்டது. ஆப்பிள் சதையில் சுமார் 23 சதவீதம் காற்று, பேரிக்காயில் சுமார் 5 சதவீதம்தான். அதுவும் மெல்லிய நூல்கள் போன்ற வழிகள். கிடங்கின் காற்றில் 3 சதவீத ஆக்சிஜன் இருக்கலாம், ஆனால் பழத்தின் நடுவில் இருக்கும் செல்லுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. பெரிய பழமாக இருந்தால் இன்னும் குறைவு. காலம் தாழ்த்திப் பறித்த, பருத்த பழங்கள் அதிகம் பழுப்பாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக்சிஜன் போதாத செல் நொதித்தலுக்குப் போகிறது, அதாவது ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கிறது. ஒரு குளுக்கோஸிலிருந்து முழுச் சுவாசத்தில் 30-க்கு மேல் ஏடிபி, அதாவது செல் ஆற்றலாகச் செலவழிக்கும் மூலக்கூறு, கிடைக்கும் இடத்தில், நொதித்தலில் 2 மட்டுமே. எத்தனாலும் அசிட்டால்டிஹைடும் சேர்கின்றன. ஏடிபி குறைந்தால் சவ்வுகளைப் பழுதுபார்க்க ஆற்றல் இல்லை. அதே நேரத்தில் வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம், கரைந்துபோகிறது. ஆக்சிஜனின் தீவிர வடிவங்களை அணைக்கும் வேலையைச் செய்வது அதுதான். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் செய்த ஆய்வுகள் கான்ஃபரன்ஸ் பழத்தில் வைட்டமின் சி குறைவதற்கும் பழுப்பு வருவதற்கும் தொடர்பு காட்டியிருக்கின்றன. சேதம் ஒருபக்கம் ஏறுகிறது, பழுதுபார்க்கும் பலம் மறுபக்கம் இறங்குகிறது. ஒரு கட்டத்தில் சவ்வு உடைகிறது, வாழைப்பூவின் கதை தொடங்குகிறது. செத்த செல்லின் நீர் மெல்ல மெல்ல வெளியேறும்போது ஓட்டைகள் உண்டாகின்றன.

விவசாயிகளும் கிடங்குக்காரர்களும் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பறித்த பழத்தை உடனே குறைந்த ஆக்சிஜனில் வைப்பதில்லை. சுமார் மூன்று வாரம் −1 டிகிரியில் சாதாரணக் காற்றிலேயே வைத்துவிட்டு, அப்புறம்தான் வாயுவை மாற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் பழுப்பு வெகுவாகக் குறைகிறது. இந்த மூன்று வாரம் உங்களுக்குப் பெரிய கொடை, கொஞ்ச நேரத்தில் ஏன் என்று சொல்கிறேன்.

இப்போது புரதங்களுக்கு வருவோம். புரோட்டியோம் என்ற சொல்லை மார்க் வில்கின்ஸ் 1994-இல் இத்தாலியின் சியெனாவில் நடந்த கூட்டத்தில் முன்வைத்தார். ஒரு நேரத்தில், ஒரு திசுவில் இருக்கும் புரதங்கள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு என்று பொருள். புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏவின் அளவைப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சேமிப்புக் கோளாறில் போதாது என்பது என் கருத்து. −1 டிகிரியில் புரத உற்பத்தி மிகவும் மந்தம், அதனால் பழைய புரதங்கள் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆர்என்ஏ சொல்வது ஒன்றாகவும் செல்லில் உண்மையில் வேலை செய்துகொண்டிருப்பது வேறாகவும் இருக்கலாம்.

ஆனால் பழத்திலிருந்து புரதம் எடுப்பது கடினமான வேலை. பேரிக்காயில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். நூறு கிராமில் புரதம் அரை கிராம்கூட இருக்காது. மீதியில் சர்க்கரை, அமிலம், பெக்டின் என்ற செல்சுவர்ப் பசை, ஃபீனால். எலிக் கல்லீரலுக்கோ பாக்டீரியாவுக்கோ எழுதிய செய்முறையை அப்படியே எடுத்துப் பேரிக்காயில் போட்டால் ஒன்றும் வராது. புரதங்களை மின்சாரத்தால் இழுத்துப் பிரிக்கும் கூழ்ப் பலகையை ஜெல் என்போம். நான் முதலில் ஓட்டிய ஜெல்லில் மேலிருந்து கீழ்வரை பழுப்புக் கோடுகள் மட்டுமே இருந்தன. பெக்டின் வழியை அடைத்துவிட்டது, ஃபீனால்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து புரதங்களோடு ஒட்டிக்கொண்டன. மூன்று மாத வேலை அதில் போயிற்று.

வழி இருக்கிறது. சதையை வெட்டிய நொடியிலேயே திரவ நைட்ரஜனில், அதாவது −196 டிகிரியில், உறைய வையுங்கள். உருக விடாமல் பொடியாக்குங்கள். ஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும் பிவிபிபி என்ற பொடியைச் சேருங்கள். பிறகு ஃபீனால் கரைப்பானில் புரதத்தைப் பிரித்து, மெத்தனாலில் கரைத்த அம்மோனியம் அசிடேட்டால் வீழ்படிவாக்குங்கள். (பழத்தின் ஃபீனால் சேர்மங்கள் நமக்குத் தொல்லை, பிரித்தெடுக்கும் ஃபீனால் நமக்கு உதவி. பெயர் ஒன்றுபோல இருப்பதால் புதியவர்கள் குழம்புவார்கள்.) இது 1986-இல் வந்த முறை. பழத் திசுவுக்கு இன்றும் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். நேரம் பிடிக்கும், புகைக்கூண்டு இல்லாமல் செய்யவே கூடாது, ஃபீனால் தோலைப் பொசுக்கும்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல முடிவுகள் இங்கேதான் கெட்டுப்போகின்றன. பழுப்பான சதையில் ஆக்சிஜனேற்றம் அடைந்த ஃபீனால்கள் புரதங்களோடு இறுகப் பிணைந்திருக்கும். அவற்றில் ஒரு பகுதி கரையவே கரையாது. ஆகவே "பழுப்புத் திசுவில் இந்தப் புரதம் குறைந்திருக்கிறது" என்று ஜெல் காட்டினால், அது உண்மையில் குறைந்திருக்கலாம், அல்லது உங்கள் குழாய்க்குள் வராமல் சக்கையோடு போயிருக்கலாம். இன்னொன்றும் உண்டு. பழுப்பான திசு நீரை இழந்திருக்கும். ஒரு கிராம் ஈர எடைக்கு எவ்வளவு புரதம் என்று கணக்கிட்டால் செத்த திசுவில் புரதம் கூடியிருப்பதாகத் தோன்றும். ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் சம அளவு புரதம் எடுத்து ஜெல்லில் ஏற்றினால், மொத்தப் புரதமே பாதியாகிவிட்டது என்ற செய்தி மறைந்துபோகும். உலர் எடையையும் மொத்தப் புரதத்தையும் ஒவ்வொரு மாதிரிக்கும் தனியாகக் குறித்து வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான், செய்யாமல் விட்டால் கடைசியில் திரும்பிப் போக முடியாது.

புரதங்களைப் பிரிக்க இரண்டு பெரிய வழிகள். இருபரிமாண ஜெல் முறையில் முதலில் மின்னூட்டப்படி, பிறகு எடைப்படி பிரிப்பார்கள். 1975-இல் பேட்ரிக் ஓஃபாரல் இ.கோலை பாக்டீரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதப் புள்ளிகளை இப்படிப் பிரித்துக் காட்டினார். ஜெல்லுக்கு ஜெல் வித்தியாசம் வந்துகொண்டே இருந்ததால் 1997-இல் டைஜ் என்ற மேம்பட்ட வடிவம் வந்தது. வெவ்வேறு நிறத்தில் ஒளிரும் சாயங்களை மாதிரிகளில் ஏற்றி, ஒரே ஜெல்லில் சேர்த்து ஓட்டுவார்கள். எல்லா மாதிரிகளிலும் கொஞ்சம் எடுத்துக் கலந்த பொதுக் கலவை ஒன்றும் மூன்றாவது நிறத்தில் அதே ஜெல்லில் ஓடும், அதுதான் அளவுகோல். மற்ற வழி, ஜெல்லே இல்லாமல் புரதங்களை டிரிப்சின் நொதியால் துண்டாக்கி, அவற்றைப் பிரித்து அனுப்பும் திரவக் குரோமட்டோகிராஃபி வழியாக, எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் செலுத்துவது. டிரிப்சின் லைசினுக்கும் அர்ஜினினுக்கும் அடுத்த இடத்தில் மட்டும் வெட்டும். அதனால் துண்டுகளின் எடையை முன்கூட்டியே கணக்கிட்டு, தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, எந்தப் புரதம் என்று சொல்லிவிடலாம்.

எதைத் தேர்வது? இன்று கருவி வசதி இருந்தால் இரண்டாவது. அதில் ஆயிரக்கணக்கான புரதங்கள் கிடைக்கும், சவ்வுப் புரதங்களும் ஓரளவு வரும். உங்கள் கேள்வியே சவ்வைப் பற்றியது என்பதால் இது முக்கியம். ஜெல் முறையில் சவ்வுப் புரதங்கள் பெரும்பாலும் தொலைந்துபோகும். ஆனால் ஜெல்லுக்கு ஒரு குணம் இருக்கிறது, அதை நான் இன்னும் மதிக்கிறேன். ஒரே புரதம் ஆக்சிஜனேற்றத்தாலோ பாஸ்பேட் சேர்ந்ததாலோ மாறியிருந்தால், ஜெல்லில் அது பக்கவாட்டில் நகர்ந்து தனிப் புள்ளியாக நிற்கும். கண்ணால் பார்க்கலாம். கோளாறு என்பது பெரும்பாலும் புரதத்தின் அளவைவிட அதன் நிலை மாறுவதில்தான் இருக்கிறது.

தரவுத்தளம் இப்போது தொல்லையில்லை. ஆப்பிளின் மரபணுத் தொகுதி 2010-இல் வந்தது, சீனப் பேரிக்காயினுடையது 2013-இல், ஐரோப்பியப் பேரிக்காயினுடையது 2014-இல். அதற்கு முன்பு வேலை செய்தவர்கள் ஆப்பிள், பீச் போன்ற உறவுப் பழங்களின் வரிசைகளை வைத்து ஊகித்தார்கள். கான்ஃபரன்ஸின் நடுப்பகுதிச் சிதைவை டைஜ் முறையில் ஆராய்ந்து ரோமினா பெத்ரெஸ்கியும் லூவன் குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் காலத்தது. ஆற்றல் உற்பத்தி, ஆக்சிஜனேற்றத் தற்காப்பு, பழத்தைக் கனிய வைக்கும் எத்திலீன் வாயுவின் உற்பத்தி சார்ந்த புரதங்கள் அதில் முன்னுக்கு வந்தன. நான் மேலே சொன்ன ஏடிபி, வைட்டமின் சி கதையோடு இது நன்றாகப் பொருந்துவதைக் கவனியுங்கள். அந்தக் குழு அதோடு நிற்காமல் பேரிக்காய்ச் சதைத் துண்டுகளை வெவ்வேறு வாயுக்களில் வைத்துத் தனியாக ஆராய்ந்தது. சதைத் துண்டுக்கு நடுப்பகுதி என்ற ஒன்று இல்லை, வாயு எல்லா செல்லுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் போகும். முழுப் பழத்தில் வாயு பரவும் சிக்கலும் செல்லின் பதிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, துண்டில் அவற்றைப் பிரித்துவிடலாம். சோதனை வடிவமைப்பில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய நுட்பம் இது.

இப்போது உங்கள் சோதனை. பழுப்பு வருவதற்கு முன் பார்க்க வேண்டும் என்றேன். அதில் ஒரு பெரிய இடர் இருக்கிறது: புரதம் எடுக்கப் பழத்தை வெட்ட வேண்டும், வெட்டிய பழம் பிறகு பழுப்பாகியிருக்குமா என்று எப்போதும் தெரியாது. ஒரே பழத்தை முன்பும் பின்பும் பார்க்க முடியாது.

அதனால் பழங்களைத் தொகுதிகளாகப் பாருங்கள். இங்கேதான் அந்த மூன்று வாரம் உதவுகிறது. ஒரே தோட்டம், ஒரே நாள், ஒரே அளவுப் பழங்களைக் கலைத்துப் போட்டு இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியைப் பறித்தவுடனேயே கோளாறை வரவழைக்கும் சூழலில் வையுங்கள். 1 சதவீத ஆக்சிஜன், 10 சதவீதக் கரியமில வாயு, −1 டிகிரி என்பது கான்ஃபரன்ஸில் ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்திய கடுமையான கலவை. மறுபாதியை மூன்று வாரம் குளிர்ந்த காற்றில் வைத்துவிட்டு அதே கலவைக்கு மாற்றுங்கள். இரண்டு தொகுதியும் ஒரே பழம், ஒரே குளிர், முடிவில் ஒரே வாயு. ஒன்று பழுப்பாகும், மற்றது பெரும்பாலும் தப்பிக்கும். வாயு மாறிய நாளிலிருந்து எண்ணி 0, 2, 7, 14, 28-ஆம் நாட்களில் சில பழங்களை எடுத்து, இன்னும் வெள்ளையாக இருக்கும் நடுப்பகுதியிலிருந்து புரதம் எடுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பெட்டியைத் தொடாமல் கடைசி வரை வைத்திருந்து, எத்தனை சதவீதம் பழுப்பாயிற்று என்று வெட்டி எண்ணுங்கள். அந்த எண்தான் உங்கள் புரதத் தரவுக்கு அர்த்தம் கொடுக்கும்.

இப்படிச் செய்தால் இரண்டு தொகுதியிலும் ஒன்றுபோல மாறும் புரதங்களைத் தள்ளிவிடலாம். அவை குளிருக்கும் குறைந்த ஆக்சிஜனுக்கும் பழம் கொடுக்கும் பொதுவான பதில். நொதித்தலில் எத்தனாலை உண்டாக்கும் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் நொதி ஏறுவது நிச்சயம் இந்தக் கூட்டத்தில் வரும், அதைக் கண்டு பரவசப்பட வேண்டாம். தப்பிக்கும் தொகுதியில் மட்டும் ஏறுவது, அல்லது மாட்டிக்கொள்ளும் தொகுதியில் மட்டும் இறங்குவது, அதுவும் பழுப்பு தெரிவதற்கு முன்பே, அந்தச் சிறு கூட்டத்தைத்தான் காரணத்துக்கு அருகில் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம்.

பழத்தைக் காப்பாற்றும் ஒரு செயலைக் கையில் வைத்துக்கொண்டு ஆராய்வது எவ்வளவு பயன் தரும் என்பதற்குப் பீச் பழம் நல்ல உதாரணம். பீச்சை ஏறத்தாழ 2 முதல் 8 டிகிரிக்குள் சில வாரம் வைத்தால் சதை சாறில்லாமல் பஞ்சுபோல ஆகிவிடும். பெக்டினிலிருந்து மெத்தில் குழுக்களை நீக்கும் நொதி வேலையைத் தொடர, பெக்டினை வெட்டும் பாலிகேலக்டுரோனேஸ் பின்தங்கிவிடுகிறது. வெட்டுப்படாத நீண்ட பெக்டின் இழைகள் சாறைக் கூழாகப் பிடித்துக்கொள்கின்றன. சாறு பழத்துக்குள்தான் இருக்கிறது, நாக்குக்கு வருவதில்லை. இங்கே கோளாறு என்பது இரண்டு புரதங்களின் விகிதம் குலைவது. ஒன்றை மட்டும் அளந்தால் விடை கிடைக்காது. அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் ஒரு குழு, பறித்த பீச்சை 39 டிகிரியில் மூன்று நாள் வைத்து, அதன் புரதங்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டது. சூட்டில் உண்டாகும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் மற்றப் புரதங்கள் உருக்குலையாமல் தாங்கிப்பிடிப்பவை. சூடு பார்த்த பழம் பிறகு வரும் குளிரைத் தாங்குவதை இதனோடு சேர்த்துப் புரிந்துகொள்ள முடிகிறது.

புள்ளியியலில் இரண்டு விஷயம் மட்டும். ஆயிரம் புரதங்களை 0.05 என்ற வரம்பில், அதாவது நூற்றில் ஐந்து முறை தற்செயலாகத் தவறலாம் என்று ஏற்றுக்கொண்டு, சோதித்தால், எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும் சுமார் 50 புரதங்கள் "மாறியதாக" வரும். பல சோதனைகளுக்கான திருத்தம் செய்யாத பட்டியலை உங்கள் வழிகாட்டியிடம் எடுத்துப் போகாதீர்கள். அப்புறம், ஒரே பழத்திலிருந்து மூன்று முறை புரதம் எடுப்பது மூன்று மாதிரி ஆகாது. மூன்று பழம்தான் மூன்று மாதிரி. பேரிக்காய் மரத்தில் வெயில் பட்ட பக்கத்துப் பழமும் நிழல் பக்கத்துப் பழமுமே வேறுபடும். பழங்களை மொத்தமாக அரைத்து ஒரே மாதிரியாக்கினால் வேலை குறையும், ஆனால் பழத்துக்குப் பழம் உள்ள வேறுபாடு அழிந்துவிடும். இந்தக் கோளாறிலோ அந்த வேறுபாடுதான் விஷயமே: ஒரே பெட்டியில், ஒரே வாயுவில் ஒரு பழம் பழுப்பாகிறது, பக்கத்துப் பழம் தப்பிக்கிறது.

புரதப் பட்டியல் கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஒரு புரதத்தின் அளவு ஏறியிருந்தால் அதன் நொதிச் செயலும் ஏறியிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அதே பொடியிலிருந்து ஏடிபி, வைட்டமின் சி, எத்தனால் மூன்றையும் அளந்துவிடுங்கள். இவற்றுக்குப் பெரிய கருவி தேவையில்லை. வைட்டமின் சி-யைக் கொண்டு தற்காக்கும் அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் என்ற நொதி ஏறியிருக்கிறது, ஆனால் வைட்டமின் சி தீர்ந்துவிட்டது என்றால், தீயணைப்பு வண்டி வந்து நிற்கிறது, தண்ணீர் இல்லை என்று பொருள். புரதத்தை மட்டும் பார்த்தவர் அதைத் தற்காப்பு வலுப்பெற்றதாக எழுதியிருப்பார்.

இங்கே கான்ஃபரன்ஸ் கிடைப்பது கடினம் என்பது தெரியும். கொடைக்கானல் பேரிக்காயில் செய்யலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். செய்யலாம், ஆனால் எந்தச் சூழலில் அது பழுப்பாகிறது என்பதை ஒரு பருவம் முழுக்க முதலில் நீங்களே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். முதுகலைக் காலத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் வாழைக்காய் நல்ல தேர்வு. 13 டிகிரிக்குக் கீழே தோல் கறுக்கும், ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். வருடம் முழுக்கக் கிடைக்கும், மரபணுத் தொகுதி 2012-இலேயே வந்துவிட்டது, சேதம் தோலிலேயே தெரிவதால் வெட்டாமல் பார்க்கலாம். அதைவிடப் பெரிய வசதி: தோலில் ஒரு பக்கம் சிறு வட்டமாகச் சுரண்டி எடுத்துக்கொண்டு, அதே காயின் மறுபக்கத் தோல் பிறகு கறுக்கிறதா என்று பார்க்கலாம். காயம்பட்ட இடம் தானே கறுக்கும் என்பதால் மாதிரி எடுக்காமல் காயம் மட்டும் செய்த காய்களையும், காயமே படாத காய்களையும் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பேரிக்காயில் கைகூடாத, ஒரே பழத்தின் முன்பும் பின்பும் என்ற ஒப்பீட்டுக்கு இது உங்களை அருகில் கொண்டுபோகும்.

புரதம் எடுக்கத் தொடங்குவதற்கு முன் ஒரே குலையிலிருந்து முப்பது காய் வாங்கி, 5, 8, 11, 14 டிகிரியில் பிரித்து வைத்து, எந்த நாளில் கறுப்பு தொடங்குகிறது என்று தினமும் ஒரே வெளிச்சத்தில் படமெடுங்கள். அந்த நாள் தெரிந்தால்தான், அதற்கு எத்தனை நாள் முன்பு திரவ நைட்ரஜனோடு போய் நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.